சுண்ணாம்பிட்ட செயலை மரங்கள்

மாசித் திங்களின் பனி, மலையை விட்டு இறங்க மனமின்றி, மூங்கில் நுனிகளிலும் பாறை முதுகுகளிலும் தங்கித் தங்கிக் கீழே வந்துகொண்டிருந்த விடியற்பொழுது; கோடை வருமுன்னரே இளைத்துப்போன ஆறு, தன் பழைய அகலத்தை நினைவூட்டும் வெண்மணலுக்கு நடுவே, உறங்குவோரை எழுப்ப அஞ்சுபவள் போல் ஓசையடக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அக்கரை மரத்திலிருந்து இருவாய்ச்சி ஒன்று எழுந்து பறக்க, அதன் சிறகோசை பெருந்துணி ஒன்றை யாரோ கிழிப்பதுபோல் பள்ளத்தாக்கு முழுதும் கேட்டு அடங்கியது. நீரோரத்து நிழலில், கிளையும் தண்டும் பிளந்து வெளிவந்தாற்போன்ற செம்பொன் நிறக் கொத்துகளைத் தாங்கி, நாற்பத்து மூன்று செயலை மரங்கள் பூத்து நின்றன. அசோகு என்று நீங்கள் அறிந்திருக்கும் மரமே அது. பூத்து நின்றன என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஏனெனில், கற்றறிந்த பெரியோரே, முழங்கால் உயரத்திலிருந்து கை எட்டும் உயரம் வரை ஒரு விரற்கடைப் பட்டையும் எஞ்சாமல் சுற்றி உரிக்கப்பட்டு, உள்மரம் சிவந்து, ஈரம் கசிந்து, தாம் இறந்துகொண்டிருப்பதை இன்னும் அறியாத அழகோடு அவை பூத்திருந்தன. கத்தி பிடித்த கைகள் யாருடையவை என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. தூரிகை பிடித்த கை என்னுடையது. அந்தக் கொலையில் என் பங்கு எவ்வளவு என்று கண்டவரையெல்லாம் கேட்டு நான் அலைந்த கதையே இது. ஆற்றின் பெயரையும் மலையின் பெயரையும் மட்டும் கேட்காதீர். இடங்களுக்கு அடையாளம் இடும் வழக்கத்தை நான் விட்டொழித்துவிட்டேன்.

மலையடிவாரத்து மருந்துச்சாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் மூலிகைக் கண்காணி. வேரும் பட்டையும் மூட்டைகளாக வந்திறங்குகையில், முகர்ந்தும் முறித்தும் நாநுனியில் வைத்துத் துப்பியும் மெய்ச்சரக்கைப் போலியினின்று பிரித்தெடுப்பது என் தொழில். அதன் பயனாக உலகத்துக் கசப்பெல்லாம் என் நாவுக்குத் தெரியும், வீட்டுக் குழம்பில் உப்பு உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் ஆதலால் மலையாள நாட்டார் என்னை அண்ணாச்சி என்று அழைத்தனர். தூய தமிழில் பேச முயன்று தொல்லை தருபவன் ஆதலால் என் மனைவி என்னைக் கல்வெட்டு என்று அழைத்தாள். இரண்டு பெயருக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

மருந்துச்சாலையின் உரிமையாளர் சங்குண்ணி வைத்தியர் நல்லவர். இக்கதையின் முடிவிலும் அவர் நல்லவரே, அதுதான் துயரம். மகளிரின் குருதிப்போக்கைத் தணிக்கும் அசோக அரிட்டத்துக்குச் செயலைப் பட்டை வேண்டும். செயலையோ காடுதோறும் அருகிவந்தது. நெட்டிலிங்கத்தின் பட்டையை அசோகென்று விற்கும் கூட்டமோ சந்தைதோறும் பெருகிவந்தது. இதைக் கண்டு நொந்த வைத்தியர், காட்டைக் கொள்ளையிட்ட பட்டை தம் வாயிலுக்குள் நுழையாது என உறுதிகொண்டு, ஆற்றங்கரைக் காடர் குடிப் பெண்கள் பதினொருவரிடம் மட்டுமே பட்டை வாங்கத் தொடங்கினார். அப்பெண்கள், மரத்தின் சுற்றளவில் மூன்றிலொரு பங்குக்கு மிகாமல் நெடுக்காகச் சீவியெடுத்து, புண்ணின்மேல் சாணமும் சேறும் குழைத்துப் பூசி, அம்மரத்தை ஏழாண்டு தீண்டாது விடுவர். பட்டை மெல்ல மெல்ல மூடி வளரும். அவர்கள் மரத்துக்கு எண் இட்டதில்லை, வரைபடம் வைத்திருந்ததில்லை. எம்மரம் எங்குள்ளது, எவ்வாண்டு சீவப்பட்டது என்பதெல்லாம் பதினொரு பேரின் நினைவில் பத்திரமாக இருந்தது. வேற்றாள் வழி கேட்டால் வாய் திறவாமல் மோவாயை ஏதோ ஒரு திசையில் உயர்த்துவர். அத்திசையில் நடந்தவனுக்கு அட்டைக்கடி கிட்டும், மரம் கிட்டாது.

இந்நிலையில், கடல்கடந்த வணிகர் சிலர் எம் மருந்துப் புட்டிகளின்மேல் அறவழிச் சான்றாகப் பச்சை இலை ஒன்றைப் பொறித்துக்கொள்ள இசைந்தனர். ஆயின் மரம் ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும், எண் ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும் என்றனர். எண்ணிடும் பணி என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதும் பொய். ஓடிச்சென்று தலையை நீட்டினேன். ஐந்து மழைக்காலம் அழியாதிருக்க வேண்டுமென்று, கோட்டைச் சுவர் கட்டியோர் முறைப்படி கடுக்காய் நீரும் வெல்லப்பாகும் வார்த்துச் சுண்ணாம்பைக் குழைத்தேன். எண்களையும் உலகோர் எழுதும் உருவில் எழுதாமல் பழந்தமிழ் எண்ணுருவில் எழுதினேன். அம்மலையில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை, பெருமையாகத் தோன்றிற்று.

பெண்களின் தலைவி கரும்பாயி, நாற்பதைக் கடந்தவள். முறம்போல் அகன்ற கையும், பிறர் சொல்லை உமியும் அரிசியுமாகப் பிரிக்கும் பார்வையும் உடையவள். தூரிகையோடு நான் முதல் மரத்தை அணுகியபோது வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என் வழியில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, மரத்துக்கெல்லாம் திருநீறு பூசக் கெளம்பிட்டீங்க?"

"திருநீறு இல்ல கரும்பாயி, எண். இந்த மரம் ஓய்வுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ல?"

"எங்களுக்குத்தான் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்கிறது சீமைக்காரனுக்குத் தெரியணும்."

"ஏன், அவன் வந்து பட்டை சீவப் போறானா?"

"அவன் எதுக்கு வரான்? படத்தைப் பாத்து மனசு ஆறிக்குவான்."

"கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு படத்த ஒருத்தனுக்குக் காட்டினா, அவன் மட்டுமா பாப்பான்? ஊர்ல இருக்கிற காவாலி எல்லாம் பாப்பான் அண்ணாச்சி."

நான் சிரித்தேன், நல்ல உவமை என்று பாராட்டவும் செய்தேன். உவமையைப் பாராட்டிவிட்டுப் பொருளைக் கைவிடுவது என்போன்ற கற்றவர்களின் பழக்கம். எண் இல்லையேல் மருந்துச்சாலை பட்டை வாங்குவதை நிறுத்திவிடுமோ என்ற அச்சத்தால், அவளும் முகத்தைச் சுளித்தவாறே மூன்று வாரம் என்னை மரம் மரமாக அழைத்துச் சென்றாள். என் கடுக்காய்ச் சுண்ணாம்பு காய்ந்ததும் காட்டின் இருளில் பல்வரிசைபோல் பளிச்சிட்டது. ஆற்றின் நடுவில் மிதவையில் அமர்ந்து பார்த்தாலும் தெரிகிறதே என்று நானே வியந்து வைத்தியரிடம் கூறினேன், அவரும் மகிழ்ந்தார்.

ஓராண்டு கழிந்து, ஓய்வு மரங்களைப் பார்வையிடக் கரும்பாயியும் பிற பெண்களும் முன்செல்ல நான் பின்சென்ற நாளில்தான், முதலில் நான் காட்டிய அந்த விடியல் எம்மை எதிர்கொண்டது. எண்கள் இல்லை, எண்கள் எழுதப்பட்டிருந்த பட்டைகளே இல்லை. சுற்றிலும் பட்டை இழந்த மரம் வேரிடமிருந்து இலைக்கும் இலையிடமிருந்து வேருக்கும் செல்லும் வழியறுந்து, சில திங்களில் நின்றவாறே காயும் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆயினும் கரும்பாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கிச் சேற்றை அள்ளினாள். பத்துப் பெண்களும் இறங்கினர். குழந்தையின் வெந்த உடம்பில் மருந்து தடவுவோர் போல், நாற்பத்து மூன்று மரங்களின் பச்சைப் புண்மீதும் அவர்கள் சேறு பூசத் தொடங்கினர். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே வழுக்கி விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டில் நான் விழுந்து அப்பெண்கள் சிரிக்காத நாள் அது ஒன்றே.

"பிழைக்குமா கரும்பாயி?"

"சேத்த அள்ளுங்க அண்ணாச்சி."

"என் சுண்ணாம்பப் பாத்துத்தான் வந்திருப்பாங்களோ?"

"அந்தப் பக்கம் இன்னும் பூசல பாருங்க."

மூன்றாம் நாள், அக்காட்டுக்குப் பொறுப்பான காவல் அலுவலர் தாமோதரன் காடர் குடியிருப்புக்கு வந்தார். கெட்டவர் அல்லர், மேலிடத்துக்கு மறுமொழி எழுதவேண்டியவர். மரம் இருக்கும் இடம் அறிந்தோர் அப்பெண்களே, ஆகவே உரித்தவர்க்கு வழிகாட்டியோரும் அவர்களே என்பது அவர் துணிபு. காட்டினுள் சென்று தேனும் குங்கிலியமும் பட்டையும் சேகரிக்க, ஒளிப்படம் ஒட்டிய மஞ்சள் அட்டை ஒன்று பெண் ஒவ்வொருத்தியிடமும் இருந்தது. அவ்வட்டை உள்ளவரை அவள் காட்டின் மகள், அட்டை போனால் அதே வழியில் அதே கூடையோடு நடக்கும் திருடி. பதினோரு அட்டைகளையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டு, திங்கள் முடிவில் உசாவல் என்று கூறினார். பதினோரு வீட்டு அடுப்பும் அந்த அட்டைகளில் எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, என் சுண்ணாம்பே வழிகாட்டியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க நல்ல மனசோட செஞ்சீங்க அண்ணாச்சி. அதப் போட்டு இப்ப ஏன் கொழப்புறீங்க?" என்றார் தாமோதரன். என் வரைபடத்தின் அடியில் ஒப்புதல் அளித்த கையெழுத்து அவருடையது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் ஒருங்கே நினைவுக்கு வந்தது. இருவரும் ஒருங்கே வேறு பக்கம் பார்த்தோம்.

எட்டு நாள் சென்றபின், மூலிகை வணிகர் லோனப்பனின் சுமையுந்து மருந்துச்சாலை வாயிலில் வந்து நின்றது. மலைக்கு அப்பால் தனியார் தோட்டத்தில் வளர்த்த செயலைப் பட்டை என்றார் அவர். நான் ஒரு மூட்டையைப் பிரித்தேன், முகர்ந்தேன், நாவில் வைத்தேன். மெய்ச்சரக்கு. ஒரு துண்டைத் திருப்பினேன். அதன் புறத்தே, ஓராண்டு மழைக்கும் அசையாமல், தீட்டியவனின் திறமைக்குச் சான்று பகர்ந்துகொண்டு, ௧௭ என்று என் கையெழுத்து வெளுத்துச் சிரித்தது.

"லோனப்பன் சேட்டா, இது என்ன?"

"பூச்சி அரிச்ச கோலம்."

"இது பதினேழு."

"அப்படியா? உங்க ஊர்ப் பூச்சியா இருக்கும். எண்ணப் படிச்சிருக்கு."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"சந்தையில வாங்கினேன். சந்தைக்குத்தான் பேரு உண்டு அண்ணாச்சி. விக்கிறவனுக்கு ஏது பேரு? வெயில் ஏறுது, எறக்கலாமா, வேற எடம் பாக்கலாமா?"

பட்டைத் துண்டை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டு, திருடிய கோழியோடு ஓடுபவன்போல் வைத்தியரிடம் ஓடினேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பின்னர் சொன்னார்:

"மரம் போயாச்சு. பட்டைய எடுத்திட்டுப் போய்த் திருப்பி ஒட்ட முடியுமா?"

"வாங்கினா, அடுத்த மலைக்கு அவன் கத்தி போகுமே வைத்தியரே."

"போகும். வாங்கலைன்னா நெட்டிலிங்கத்தோட கலந்து விக்கிறவன் வாங்குவான். நம்ம அரிட்டத்த நம்பி ரத்தம் வத்திப் போய் உக்காந்திருக்கிற பொம்பளைங்ககிட்ட, ஏழு வருசம் பொறுங்கன்னு நீங்க போய்ச் சொல்வீங்களா?"

அவ்வினாவுக்கு விடை இன்றும் அறியேன். ஆகவே எனக்கு விடை வேண்டிய வினாவையே மீண்டும் கேட்டேன்.

"என் சுண்ணாம்பாலதானே வைத்தியரே இதெல்லாம்?"

அவர் என் முகத்தைக் கனிவோடு பார்த்தார்.

"அண்ணாச்சி, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

சுமையுந்து உள்ளே வந்தது. மூட்டை ஒன்றையும் ஏற்றுக் கையொப்பமிட நான் மறுத்தேன், வைத்தியரே இட்டார். இருவாய்ச்சிக்கு நிழல் தந்த மரங்களின் பட்டையெல்லாம் செப்புக் கொப்பரைகளில் வெந்து செந்நீராயின. வெல்லமும் காட்டாத்திப் பூவும் கூடி, பானைகளின் வாய் மூடி ஊறல் கொண்டன. புட்டிகளுக்குரிய பச்சை இலைத் தாள்கள் அடுக்கடுக்காக அறைமூலையில் காத்திருந்தன. வைத்தியரிடமிருந்து திரும்பப் பெற்று, கொப்பரைக்குத் தராமல் நான் வைத்துக்கொண்டது அந்தப் பதினேழாம் எண் துண்டு ஒன்றே.

திங்கள் முடிவில் உசாவல் நடந்தது. காவல் அலுவலகத்தின் ஓட்டுத் தாழ்வாரத்தில் பதினொரு பெண்களும் வரிசையாய் நிற்க, நான் பட்டைத் துண்டை மேசைமீது வைத்து, முந்தைய நாள் முழுதும் மனப்பாடம் செய்திருந்த உரையை நிகழ்த்தினேன். குற்றம் என்னுடையதென்றும், வழிகாட்டியது என் எழுத்தே என்றும், மாசற்ற இம்மகளிரை விடுவித்தருள வேண்டுமென்றும் செந்தமிழில் முழங்கினேன். தாமோதரன் பொறுமையாகக் கேட்டு, அருகிலிருந்த காவலரிடம், "இவரு என்ன சொல்றாரு?" என்றார். பின்பு நான் பேச்சுத் தமிழில் சொன்னேன். அது கால்பங்கு நேரத்தில் முடிந்துவிட்டது.

அலுவலர் எண்ணித்தான் பேசினார். "சரி அண்ணாச்சி. இந்தத் துண்டு அந்தக் காட்டுது, ஒத்துக்கிறேன். ஆனா யாரு காட்டிக் குடுத்தாங்கன்னு இது சொல்லலையே? ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சுண்ணாம்பப் பாத்து வந்தவன்னா, சுண்ணாம்பு இல்லாத மரத்த விட்டுட்டுப் போயிருப்பான். இவங்க சொல்லி வந்தவன்னா, எல்லாத்தையும் உரிச்சிருப்பான். உரிக்காத ஒத்த மரம் காட்டுங்க போதும். அந்த எடத்த வரைபடத்துல குறிச்சுக்கிட்டு, அதையே சாட்சியா வச்சு, இந்த நிமிசமே பதினோரு அட்டையும் திருப்பித் தர்றேன்." பின்பு அவர் பெண்களின் பக்கம் திரும்பினார். "அந்த மாதிரி மரம் இருக்கா கரும்பாயி?"

பதினோரு அட்டைகளும் மேசைமீது, கையெட்டும் தொலைவில், படம் மேலே தெரியக் கிடந்தன. மற்றப் பத்துப் பெண்களும் நிலத்தைப் பார்த்தனர். கரும்பாயி தன் படத்தைப் பார்த்தாள்.

"இல்ல சாரே. அண்ணாச்சி ஒண்ணு விடாம பூசிட்டாரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? இல்லாதத எங்க போய்க் காட்ட?"

மூன்றாண்டு காலத்துக்கு அட்டைகள் இழுப்பறைக்குள் சென்றன. இழுப்பறை மூடிய ஓசை சிறிதுதான்.

உச்சி சாய்ந்த வெயிலில் நாங்கள் ஆற்றங்கரை வழியே இறங்கி நடந்தோம். மறுநாள் முதல் மலைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் எடுப்பதாக முன்னே சென்ற பெண்கள் பேசிக்கொண்டனர். தோட்டத்து வரிசை வீட்டில் வாயில் ஒன்று, சாளரம் இல்லை என்றாள் ஒருத்தி. சாளரம் இருந்தாலும் தேயிலைதானே தெரியும் என்றாள் மற்றொருத்தி. எல்லாரும் சற்றே சிரித்தனர். கரும்பாயி நீரோரப் பாறையில் அமர்ந்து கால்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரே, சேற்றுப்பூச்சு வெடித்து உதிரத் தொடங்கிய செயலைகள், இலைகள் துவள, எந்த ஆண்டிலும் பூத்திராத அளவுக்குப் பூத்திருந்தன. உதிர்ந்த செம்பொன் இதழ்கள் ஆற்றின்மேல் மிதந்து, யாருக்கும் வேண்டாத செல்வம்போல் வளைவைக் கடந்து மறைந்தன.

பெரியோரே, பழியை விரும்பிக் கேட்பவனுக்கும் பழி எளிதில் கிடைப்பதில்லை. அவனைத் தேற்றுவோர் எங்கும் உளர். நல்ல மனம் என்பர், விதி என்பர், உண்டாயா என்பர். அந்தத் தேறுதலுக்குரிய விலையை, அவன் காணாத ஓரிடத்தில், வேறு யாரோ தம் அடுப்பை அணைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பர். தேறுதலால் நான் பருத்திருந்தேன். இனியும் ஒரு பிடி தேறுதல் என் வயிற்றில் தங்காது என்று தோன்றவே, அவளருகே மணலில் குந்தி, கடைசி முறையாகக் கேட்டேன்.

"மறைக்காம சொல்லும்மா. மரமெல்லாம் போனது என்னாலதானா?"

அவள் ஈரக் காலைப் பாறைமேல் எடுத்து வைத்தாள். பெண்கள் வளைவைத் தாண்டிச் செல்லும்வரை பார்த்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா அண்ணாச்சி. உங்களாலதான்."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

"நீங்க பூசாதது ஒம்பது மரம் நிக்குது. ஒண்ணுலயும் ஒரு நகக்கீறல் இல்ல."